மூட்டையில் குறைந்த ஏழு கிலோ
மளிகைக் கடைக்கு ஒரு வேதிக் கணக்குப் பாடம்

எடையில் குறைவு என்றால் நம் மனம் உடனே தராசைச் சந்தேகிக்கும். தராசு சரி என்றால் ஆளைச் சந்தேகிக்கும். ஆள் மீது விழுந்த சந்தேகம் அவ்வளவு எளிதில் போவதில்லை. அப்படி ஒரு சந்தேகத்தால் நானே இரண்டு மாதம் தலைகுனிய நேர்ந்தது. அதைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

காரைக்குடியில் எங்கள் கடை சிறியது. மளிகையோடு சலவைச் சோடா, படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் உண்டு. ஒரு மாசியில் மொத்தக் கடையிலிருந்து 50 கிலோ சலவைச் சோடாக் கட்டி ஒரு மூட்டை எடுத்து, பின்கட்டுக் கிட்டங்கியில் போட்டேன். வேறு சரக்கு அதன்மேல் ஏறிவிட்டது. சித்திரை முடியும்போதுதான் மூட்டையைப் பிரித்தேன். கண்ணாடி போல் இருந்த கட்டிகள் வெள்ளை மாவு பூத்துக் கிடந்தன. தூக்கித் தராசில் வைத்தால் 43 கிலோ! சாக்கில் ஓட்டை இல்லை. தையல் பிரியவில்லை.

மொத்தக் கடைக்காரர் என் தகப்பனார் காலத்துப் பழக்கம். நேரே போய்க் கேட்டுவிட்டேன். "அண்ணே, ஒரே மூட்டையில ஏழு கிலோ குறையுது. எடை போட்டு அனுப்புனது சரிதானா?"

அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, உங்க அப்பா இருந்த காலத்துலயும் சரி, இப்பவும் சரி, என் தராசுல நூறு கிராம் குறைஞ்சதுன்னு யாரும் சொன்னதில்லை. பணத்தை வேணும்னா திருப்பி வாங்கிக்க. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்" என்றார். பணத்தை நான் வாங்கவில்லை. பேச்சும் நின்றுபோனது.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, மூட்டையிலிருந்து யாரும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பது போதாது, கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்" என்றார். அவர் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. பள்ளியில் இதற்கு 'வேதிக் கணக்கீடுகள்' என்று பெயர். பரீட்சைக்குப் பயந்து நாம் விட்டுவிட்ட பாடம். ஆனால் கணக்கு எழுதத் தெரிந்த வியாபாரிக்கு இதைவிடச் சுலபமான பாடம் இல்லை.

இயற்கையும் ஐந்தொகை போடுகிறது

செட்டிநாட்டில் கணக்கு எழுதுவது பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கடை வைத்த காலத்திலேயே பேரேடும் ஐந்தொகையும் இங்கே பிசகாமல் நடந்தன. ஐந்தொகையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு காசு உதைத்தாலும் எங்கோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். காசு காணாமல் போகாது, பதிவுதான் காணாமல் போகும்.

வேதியியலில் இந்த விதியை நிலைநாட்டியவர் பிரெஞ்சு நாட்டு அந்துவான் லவாய்சியே. 1743-இல் பிறந்த இவர் விஞ்ஞானி மட்டுமல்ல, அரசுக்காக வரி வசூலிக்கும் குத்தகை நிறுவனத்தில் பங்குதாரராகவும் இருந்தார். கணக்குப் பழக்கமும் நல்ல தராசும் அவரிடம் இருந்தன. மூடிய பாத்திரத்தில் பொருள்களை எரித்தும் சூடாக்கியும் முன்னும் பின்னும் எடை போட்டார். உள்ளே இருந்தவற்றின் மொத்த எடை மாறவில்லை. பொருள் உருமாறும், ஆனால் அழிவதில்லை என்பதை 1789-இல் வெளியிட்ட தம் நூலில் தெளிவாக எழுதினார். வரி வசூலில் பங்கு கொண்ட காரணத்தால் புரட்சிக் காலத்தில், 1794-இல், அவர் தலை வெட்டப்பட்டது. அவர் போட்ட ஐந்தொகை இன்றுவரை பிசகவில்லை.

ஆகவே, மூட்டையில் 7 கிலோ குறைந்தால் அது எங்கோ போயிருக்கிறது. விட்டுப்போன பதிவைத் தேட வேண்டும்.

எண்ணுவதற்கு ஏன் எடை போடுகிறோம்?

கோயில் உண்டியல் திறக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணி மாளாது. ஒரே வகை நாணயத்தைப் பிரித்து எடை போட்டால் போதும். ஒரு நாணயம் 6 கிராம் என்றால் 6 கிலோவில் 1,000 நாணயம்.

அணுக்களையும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் ஓர் ஒப்பு எடை உண்டு. ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 16, சோடியம் 23, குளோரின் 35.5, பொட்டாசியம் 39, கால்சியம் 40, அயோடின் 127. நமக்கு இந்த எட்டு எண் போதும்.

வெற்றிலைக்குக் கவுளி, வாழைப்பழத்துக்கு டஜன், பொத்தானுக்கு குரோஸ் இருப்பது போல, அணுக்களை எண்ண 'மோல்' என்று ஒரு அளவு இருக்கிறது. டஜன் என்றால் 12, குரோஸ் என்றால் 144. மோல் என்றால் 6022-ஐ எழுதி அதன் பின்னே இருபது பூச்சியம் போட்டால் வரும் எண்ணுக்கு மிக அருகில். 2019 மே 20 முதல் உலகம் முழுவதும் இந்த எண்ணை வைத்தே மோலுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெரிய எண்ணை நாம் மனத்தில் வைக்க வேண்டியதில்லை. 12 கிராம் கார்பனில் ஒரு மோல், 23 கிராம் சோடியத்தில் ஒரு மோல் என்று நினைவிருந்தால் போதும். கிராமுக்குப் பதில் கிலோ என்று எடுத்தாலும் விகிதம் மாறாது. வியாபாரிக்கு வேண்டியது விகிதம்தான்.

சோடா மூட்டையின் கணக்கு

இனி நம் மூட்டைக்கு வருவோம். சலவைச் சோடாக் கட்டி என்பது வெறும் சோடா அல்ல. அதற்குள் தண்ணீர் அடைந்து கிடக்கிறது. ஒரு பங்கு சோடாவில் சோடியம் இரண்டு, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. எடை 46, 12, 48. கூட்டினால் 106. அதோடு பத்துப் பங்கு தண்ணீர் சேர்ந்தால்தான் கட்டி உருவாகும். தண்ணீர் ஒரு பங்கு 18. பத்துக்கு 180. ஆக மொத்தம் 286.

அதாவது 286 கிலோ கட்டியில் சோடா 106 கிலோ, தண்ணீர் 180 கிலோ! நூற்றுக்கு 37 தான் சோடா, மீதி 63 தண்ணீர். ஈரமே தெரியாத காய்ந்த கட்டிக்குள் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்மை. இந்தக் கட்டிகள் 32 டிகிரி வெப்பத்துக்கு மேல் போனாலே தம்முடைய தண்ணீரிலேயே இளகத் தொடங்கும். வறண்ட காற்றில் தண்ணீரை விட்டுவிட்டு வெள்ளை மாவாகப் பூக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டுக் கிட்டங்கியின் சூட்டைச் சொல்ல வேண்டுமா?

ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு விடவில்லை. "மொத்தக் கடைக்காரர் 43 கிலோ போட்டுவிட்டு 50 என்று எழுதியிருந்தாலும் 43 தானே காட்டும்? எது உண்மை என்று சரக்கையே கேட்போம்" என்றார். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, பக்கத்து நகைக் கடைத் தராசில் 100 கிராம் நிறுத்தோம். எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, இனிமேல் எடை குறையாது என்னும் வரை வறுத்தோம். (அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அரித்துவிடும்.) மிஞ்சியது 43 கிராம். வேறு கடையிலிருந்து வாங்கி வந்த பளபளப்பான புதுக் கட்டியையும் 100 கிராம் அப்படியே வறுத்தோம். மிஞ்சியது 37 கிராம்.

இப்போது கணக்கைப் பாருங்கள்:

புதுச் சரக்கு 50 கிலோ என்றால் அதில் சோடா: 50 × 37 ÷ 100 = 18.5 கிலோ.
என் மூட்டை 43 கிலோ. அதில் சோடா: 43 × 43 ÷ 100 = ஏறத்தாழ 18.5 கிலோ.

சோடா ஒரு பிடி கூடக் குறையவில்லை! போன 7 கிலோவும் தண்ணீர். ஒருவேளை மொத்தக் கடையில் 43 கிலோ புதுக் கட்டியைப் போட்டு அனுப்பியிருந்தால், என் சரக்கும் நூற்றுக்கு 37 தான் காட்டியிருக்கும். மொத்த சோடா 16 கிலோவைத் தாண்டியிருக்காது. எடை குறைந்த மூட்டை, எடை போட்டவரின் நேர்மைக்குத் தானே சாட்சி சொல்லிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நான் காய்ந்த சோடாவைப் பழைய விலைக்கே விற்றால் வாடிக்கையாளருக்கு ஒரு கிலோவில் 370 கிராமுக்குப் பதில் 430 கிராம் சோடா கிடைக்கும். நஷ்டம் முழுதும் எனக்கு. தண்ணீரை விலை கொடுத்து வாங்கி, காற்றுக்குக் கொடுத்தவன் நான்தான்.

நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. படிகாரத்தைச் சட்டியில் பொரித்தால் எடை பாதிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். படிகாரத்தில் 474 பங்குக்கு 216 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பொரித்தால் 545 கிராம் அளவில்தான் மிஞ்சும். அதற்கு மேல் மிஞ்சுகிறது என்றால் பொரித்தது போதவில்லை.

நூறு போய் நூறாக வரும் சுண்ணாம்பு

சோடா எடை இழக்கும். சுட்ட சுண்ணாம்பு எடை கூடும். இரண்டுமே வியாபாரிக்குச் சங்கடம்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல் வழுக்கும். முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்பு அது. அந்தச் சுவரின் வரலாறு ஒரு அழகான ஐந்தொகை.

சுண்ணாம்புக் கல்லில் கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்றுக்கு 48. மொத்தம் 100. காளவாசலில் சுட்டால் கரியமில வாயு 44 பங்கு புகைபோக்கி வழியே போய்விடும். மிஞ்சுவது 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு.

தண்ணீர் ஊற்றித் தாளிக்கும்போது 18 பங்கு தண்ணீரை அது தன்னோடு பிணைத்துக்கொள்ளும். 56 உடன் 18 சேர்ந்து 74. இது நீற்றிய சுண்ணாம்பு. பாத்திரத்தில் கொதிக்கிறதே, அந்தச் சூடு இந்தச் சேர்க்கையில் வருவது.

சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து 44 பங்கு கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு 18 பங்கு தண்ணீரை விட்டுவிடும். 74 உடன் 44 சேர்ந்து 118, அதில் 18 போக 100. மறுபடியும் சுண்ணாம்புக் கல்! காளவாசலில் விட்ட 44-ஐச் சுவர் திரும்ப வாங்கிக்கொண்டது. கடன் அடைந்துவிட்டது. அதனால்தான் நல்ல சுண்ணாம்புப் பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுகிறது.

வியாபாரத்துக்கு இதில் என்ன? ஐப்பசி மழையில் சுட்ட சுண்ணாம்பு மூட்டை நனைந்தால் 50 கிலோ மூட்டை 16 கிலோ தண்ணீரைக் குடித்து 66 கிலோ ஆகும். பருத்துச் சாக்கைக் கிழிக்கும். சூட்டில் சாக்கும் அருகில் உள்ள காகிதமும் தீப்பற்றக் கூடும். எடை கூடியதே என்று மகிழக் கூடாது. நீறிய சரக்கு 50 கிலோவைச் சுட்ட சுண்ணாம்பு விலைக்கு வாங்குபவர் உண்மையில் 38 கிலோ சுண்ணாம்பும் 12 கிலோ தண்ணீரும் வாங்குகிறார். கட்டியாக இருக்கிறதா, மாவாகிவிட்டதா என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

எது முதலில் தீர்கிறதோ அதுதான் கணக்கு

பொங்கலுக்குத் தொகுப்புப் பை போடுகிறோம். ஒரு பைக்குப் பச்சரிசி 1 கிலோ, வெல்லம் அரை கிலோ, கரும்பு ஒன்று. கையில் இருப்பது அரிசி 300 கிலோ, வெல்லம் 120 கிலோ, கரும்பு 90. எத்தனை பை போடலாம்? அரிசி 300 பைக்கு வரும். வெல்லம் 240 பைக்கு வரும். ஆனால் கரும்பு 90 தான். ஆகவே 90 பைதான். மீதி அரிசியும் வெல்லமும் அப்படியே கிடக்கும்.

வேதி வினையிலும் இதே கதை. குறைவாக இருக்கும் சரக்கு தீர்ந்ததும் வினை நின்றுவிடும். மற்றது எவ்வளவு இருந்தாலும் மிச்சம்தான்.

ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாவின் புளிப்போடு சேரும்போது 84 பங்கு சோடா 44 பங்கு கரியமில வாயு தரும். அந்த வாயுதான் ஆப்பத்தை உப்ப வைக்கிறது. புளிப்பு தீர்ந்துபோனால்? மிஞ்சிய சோடா அடுப்புச் சூட்டில் மட்டும் பிரியும். அப்போது 168 பங்கு சோடாவுக்கு 44 பங்கு வாயுதான் வரும். அதாவது பாதி. அதோடு 106 பங்கு வேறொன்று ஆப்பத்திலேயே தங்கும். 106 என்ற எண்ணை எங்கோ பார்த்தோமே? அதேதான், சலவைச் சோடா! சோடா கூடிப்போன பலகாரம் மஞ்சளாகிச் சோப்பு வாடை அடிப்பதன் காரணம் இதுதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னதற்கு இது ஒரு கணக்கு.

டீக்கடைக்காரரோ பலகாரக் கடைக்காரரோ "சோடா வீரியமில்லை, இன்னும் அரைக் கிலோ கொடுங்கள்" என்று கேட்டால், மாவு புளித்ததா என்று கேளுங்கள். வாடிக்கையாளர் பலகாரமும் தப்பும், நம் சரக்கின் பேரும் தப்பும்.

உப்பில் ஒரு சிட்டிகை, அதில் ஒரு தலைமுறை

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனிச் சொல்வது அதைவிடப் பெரியது.

உடலில் அயோடின் குறைந்தால் கழுத்துக்கழலை வரும் என்பது நாம் அறிந்ததே. கர்ப்பிணிக்குக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். பிறந்தபின் அதை ஈடுகட்ட முடியாது. இதற்காகத்தான் 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இமாசலத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் நடந்த ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே கழலை குறைகிறது என்று காட்டியது. நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்ற தடை 2006 மே 17 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. பின்னர் 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலும் அது இடம் பெற்றது. கடையில் விற்கும்போது உப்பில் அயோடின் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையக் கூடாது.

அந்த 15 எங்கிருந்து வந்தது? வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் இருந்தால், 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். கணக்கு நேராகிவிட்டது. வழியிலும் கிட்டங்கியிலும் குறையும் என்பதால்தான் உற்பத்தியிடத்தில் 30 பங்கு என்று கூடுதலாக வகுத்தார்கள்.

உப்பில் சேர்ப்பது நேரடி அயோடின் அல்ல, பொட்டாசியம் அயோடேட். அதில் பொட்டாசியம் 39, அயோடின் 127, ஆக்சிஜன் மூன்றுக்கு 48. மொத்தம் 214. இதில் அயோடின் 127 தான், நூற்றுக்கு 59. ஒரு டன் உப்புக்கு 30 கிராம் அயோடின் வேண்டும் என்றால் 30 × 214 ÷ 127, அதாவது சுமார் 50.5 கிராம் அயோடேட் போட வேண்டும். 30 கிராம் அயோடேட் போதும் என்று ஒருவர் தவறாக நினைத்தால் உப்பில் 18 பங்குதான் இருக்கும். அது கடைக்கு வந்து சேருவதற்குள் 15-க்குக் கீழே போய்விடக் கூடும். பெயருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிள்ளையின் படிப்பில் போய் நிற்கும்.

ஆய்வகத்தில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 10 கிராம் உப்பைக் கரைத்து, சிறிது அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ப்பார்கள். ஓர் அயோடேட்டுக்கு ஆறு அயோடின் அணு வெளிவரும். அதைத் தயோசல்பேட் கரைசலை ஊற்றித் தீர்ப்பார்கள். கஞ்சித் தண்ணீர் சேர்த்தால் அயோடின் இருக்கும் வரை நீல நிறம் தெரியும். நிறம் மறையும் இடம்தான் கணக்கு முடியும் இடம். வழக்கமான வலிமையுள்ள கரைசலில் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 10.58 பங்கு என்று கணக்கு. ஆகவே 1.42 மில்லிலிட்டர் ஊற்றுவதற்குள் நிறம் மறைந்தால் நம் உப்பு 15-ஐ எட்டவில்லை. இருபது, முப்பது துளிகளில் ஒரு கடைக்காரரின் பேர் நிற்கிறது. தரம் குறைந்த உணவுப் பொருளுக்கு 2006-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

நமக்கு உப்பு தூரத்துச் சரக்கு அல்ல. தூத்துக்குடியும் வேதாரண்யமும் நமக்கு இரு புறமும் இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. நல்ல அளவில் வந்த உப்பையும் கெடுப்பது நம் கிட்டங்கியாக இருக்கலாம். மழைச் சாரலில் சாக்கு நனைந்தால் உப்பு நீர் கசியும். அந்த நீரில் கரைந்த அயோடேட்டும் கூடவே அடிக்கு இறங்கி வெளியே போகும். உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்ற பழமொழியை எடைக்கு மட்டும் சொன்னதாக இனி நினைக்க வேண்டாம்.

நம் ஊர் நிலத்தில் எழுந்த ஆய்வகம்

இந்தக் கணக்குகளை உலகத் தரத்தில் போடுகிற நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. 1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். வியாபாரத்தில் ஈட்டிய பணம் விஞ்ஞானத்துக்குப் போன இடம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மின்வேதியியலில் மின்சாரமும் ஒரு சரக்கு. அதையும் எடை போட்டது போல் அளந்து போடலாம் என்று 1830களில் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் நடப்பது இது:

பற்று: உப்பு 58.5, தண்ணீர் 18. மொத்தம் 76.5.
வரவு: காஸ்டிக் சோடா 40, குளோரின் 35.5, ஹைட்ரஜன் 1. மொத்தம் 76.5.

ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு உப்பு 1.46 டன் வேண்டும். கூடவே 0.89 டன் குளோரின் வந்தே தீரும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. நம் கடையில் விற்கும் சோப்பின் காரமும் பிளீச்சிங் பவுடரின் குளோரினும் ஒரே உப்பின் இரட்டைப் பிள்ளைகள். சோப்புத் தொழிலுக்குக் காரம் அதிகம் வேண்டியிருக்கும்போது குளோரினும் சந்தையில் பெருகுவதன் காரணம் இந்த ஐந்தொகைதான்.

கடையில் செய்ய வேண்டியவை

சலவைச் சோடாக் கட்டியை மூடிய பிளாஸ்டிக் பையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கோடையில் அதிகம் கொள்முதல் செய்ய வேண்டாம். வந்த அன்றே எடை போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் வரும் சந்தேகத்துக்கு அதுவே சாட்சி.

சுட்ட சுண்ணாம்பைத் தரைக்கு மேலே பலகை போட்டு, சாக்கு, காகிதம், எண்ணெய் இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

உப்பைப் பாலித்தீன் உறையோடு, மழைச் சாரலும் வெயிலும் படாமல் வையுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். பில் இல்லாமல் உப்பு வாங்காதீர்கள். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடிந்தால்தான் நம் பக்கம் நியாயம் பேச முடியும்.

பிளீச்சிங் பவுடர் நாள்பட்டால் குளோரினை இழந்து வீரியம் குறையும். அதை ஆசிட் பாட்டில்களுக்கு அருகில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

முடிவாக

வறுத்த இரண்டு கிண்ணத்தையும் கணக்கு எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு மறுநாளே மொத்தக் கடைக்குப் போனேன். அவர் கல்லாவில் இருந்தார். சீட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தார்.

"அண்ணே, நான் கேட்டது தப்பு" என்றேன்.

"நீ கேட்டது தப்பில்ல தம்பி. எடை குறைஞ்சா கேக்கத்தான் செய்யணும். கேக்குறதுக்கு முன்னாடி கணக்குப் பாத்திருக்கலாம்" என்றார். பிறகு பையனைக் கூப்பிட்டு இரண்டு காபி சொன்னார். அந்தச் சீட்டை அவர் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை போனபோது அது அவர் தராசுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: 'சோடா மூட்டை வாங்குவோர் ஒரு மாதத்துக்குள் விற்றுவிடவும்.'